வெள்ளம் சுமந்து செல்வது என்ன?

ஐப்பசி மழை பெய்த மறுநாள் வேலம்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறித் திருப்பூர் நொய்யல் பாலத்தைக் கடப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். "ஆத்துல தண்ணி போகுது!" என்று குழந்தைகள் கூவும். "ரெண்டு நாள் இப்படிப் போனாப் போதுமுங்க, ஆறு சுத்தமாயிரும்" என்று பெரியவர் ஒருவர் திருப்தியோடு சொல்வார்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வகுப்பிலும் இதே பேச்சு எழுந்தது. அறிவியல் பாடம் நடத்தும் சிஸ்டர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆறு சுத்தமாகிவிடும் என்கிறீர்களே, அழுக்கு எங்கே போகும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடையே இக்கட்டுரை.

இரண்டு ஜாடிகள்

மறுநாள் தோழி ஒருத்தியின் தந்தை ஒரு வாளி வெள்ளநீரைக் கொண்டுவந்து கொடுத்தார். செங்காவி நிறத்தில் டீயைப் போல இருந்தது அந்நீர். அதை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றினோம். இரண்டாவது ஜாடியில் மட்டும் ஒரு கைப்பிடி சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினோம். பிறகு இரண்டையும் அசைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுக் கவனித்தோம்.

நாங்கள் முப்பது எண்ணி முடிப்பதற்குள் மணல் அடியில் படிந்துவிட்டது. பாடவேளை முடியும்போது அதன்மேல் மெல்லிய சாம்பல் நிறப் படிவு ஒன்று தோன்றியிருந்தது. அதுதான் வண்டல். ஆனால் நீரின் கலங்கல் மட்டும் போகவில்லை. மணற்துகள் 2 மில்லிமீட்டர் முதல் 0.06 மில்லிமீட்டர் வரை இருக்கும். வண்டல் அதைவிடச் சிறியது. களிமண் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதனால் களிமண் நாள்கணக்கில் நீரிலேயே மிதக்கும் என்று சிஸ்டர் விளக்கினார்கள்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது எங்களுக்கு வியப்பு காத்திருந்தது. உப்புப் போட்ட ஜாடியில் நீர் தெளிந்திருந்தது! உப்பில்லாத ஜாடி இன்னும் கலங்கலாகவே இருந்தது. களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் மின்னேற்றம் உடையவை. உப்பு அந்த விலக்கத்தைக் குறைத்துவிடுவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனம் தாங்காமல் கீழே இறங்கிவிடுகின்றன. ஆறு கடலைத் தொடும் இடத்தில் நிகழ்வதும் இதுவே. நன்னீரில் மிதந்து வந்த களிமண் உப்பு நீரைக் கண்டதும் திரண்டு படிகிறது. ஓட்டமும் அங்கே தளர்ந்துவிடுவதால் எஞ்சிய வண்டலும் சேர்ந்து படிகிறது. கழிமுகச் சமவெளிகள் உண்டாவது இவ்விதமே. தஞ்சைத் தரணியின் செழுமைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

சோதனை இத்துடன் முடியவில்லை. உப்புப் போடாத ஜாடியும் நான்கைந்து நாளில் தெளிந்தது. அதன் மேல்நீரை ஓர் எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். மாலையில் நீர் முழுவதும் வற்றித் தட்டில் ஒரு வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் போடாத உப்பு அது. ஆற்றிலேயே இருந்த உப்பு. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது என்பதை அந்தத் தட்டு எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

நீரின் தோள்வலிமை

நொய்யல் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிச் சாரலில் பிறக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற தன் பெயரையே கொண்ட ஊரருகே காவிரியில் கலக்கிறது. மலையில் பெய்யும் மழை பாறையையும் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது. ஆற்றின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு வரை பெருகும் என்பது நீரியல் அறிஞர்கள் சொல்லும் பழைய கணக்கு. கோடையில் ஒரு கூழாங்கல்லைக்கூட அசைக்க மாட்டாத ஆறு, வெள்ள நாளில் கரையையே பெயர்த்துக்கொண்டு போவதன் காரணம் இதுவே.

வேகம் குறையும் இடங்களில் ஆறு தன் சுமையை இறக்கி வைக்கிறது. முதலில் கல், பிறகு மணல், அதன்பின் வண்டல் என ஒரு வரிசையிலேயே இறக்குகிறது. இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். நொய்யலின் குறுக்கே ஆங்காங்கே சிறு அணைகளைக் கட்டி, வெள்ளநீரை வாய்க்கால்கள் வழியே குளங்களுக்குத் திருப்பினார்கள். கோவையின் உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர்க் குளங்கள் இப்படி நிரம்புபவையே. குளத்தில் நீர் அசையாமல் நிற்பதால் வண்டல் படியும். கோடையில் குளம் வற்றியதும் உழவர்கள் அதை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். குளமும் தூர்வாரப்பட்டது, நிலத்துக்கும் உரம் கிடைத்தது. ஒரு வெள்ளத்தால் எத்தனை பயன் பாருங்கள்!

நீருக்கு நேர்வது

வெள்ளம் நிலத்தடிக்கும் நீரை ஊட்டுகிறது. ஆற்றுமணல் வழியே இறங்கும் நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறுகிறது. ஆற்றில் தேங்கிய கழிவு நிறைய நீரோடு கலந்து நீர்த்துப் போகிறது. பேருந்தில் பெரியவர் சொன்னது இந்த அளவில் உண்மையே. ஆனால் மழையின் முதல் வெள்ளம் மிகவும் மோசமானது. கோடை முழுவதும் சாக்கடையிலும் பள்ளங்களிலும் சேர்ந்த அழுக்கை அதுதான் ஒரே மூச்சில் ஆற்றுக்குள் தள்ளுகிறது. அந்த அழுக்கு மட்கும்போது நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை உண்டுவிடுவதால், மீன்கள் மூச்சுத் திணறி மேலே மிதப்பதும் உண்டு.

இனி உப்பின் கதைக்கு வருவோம். பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிப்பதற்குச் சாயத்தொட்டியில் உப்புப் போட வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்போ தங்காது. அலசும் நீரோடு அவ்வளவும் வெளியே வந்துவிடும். பல ஆண்டுகள் இந்நீர் நொய்யலிலேயே விடப்பட்டது. பாசனத்துக்கென 1992இல் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. ஏறக்குறையப் பத்தாயிரம் ஏக்கர் விளைய வேண்டிய அந்த அணையில் சாயக்கழிவு நீர்தான் தேங்கியது. அதைப் பாய்ச்சினால் பயிர் கருகும் என்று விவசாயிகளே நீரைத் தேக்க வேண்டாம் என்று வழக்குத் தொடுக்க நேர்ந்தது. தண்ணீருக்காகத் தவமிருக்கும் கொங்கு நாட்டில் தண்ணீர் வேண்டாமென்று சொன்ன கொடுமையை என்னென்பது!

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பத்தா அந்த அணைக்குக் கீழே ஒரு கிராமத்தில் இருக்கிறார். விடுமுறைக்குப் போனபோது அவரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னோம். அவர் சொன்னதை அவள் அப்படியே நோட்டில் எழுதி வந்தாள். "வெள்ளம் வந்தா நாலு மாசத்துக்குக் கெணத்துத் தண்ணிய வாயில வெக்கலாங் கண்ணு. அப்பறம் மறுக்காவும் உப்புத்தான். வெள்ளத்தோட உப்பும் போயிருச்சுன்னு நாங்களும் நெனச்சோம். அது எங்க போச்சு? மண்ணுக்குள்ளயே ஒக்காந்திருக்குது."

படிப்பறியாத அந்த மூதாட்டி சொன்னதும் எங்கள் எவர்சில்வர் தட்டு சொன்னதும் ஒன்றே அன்றோ?

உயிர்களுக்கு நேர்வது

கலங்கல் நீரில் சூரிய ஒளி இறங்காது. அதனால் நீருக்குள் வாழும் பாசிகள் உணவு தயாரிக்க முடியாமல் சில நாட்கள் தவிக்கும். நுண்மண் மீனின் செவுள்களை அடைக்கும். கற்களுக்கிடையே இட்ட முட்டைகளை மூடிவிடும். பூச்சிகளும் நத்தைகளும் அடித்துச் செல்லப்படும்.

எனினும் வெள்ளமே இல்லாவிட்டால் பல உயிர்களுக்குச் சந்ததியே இல்லை. நம் சந்தையில் விற்கும் கட்லா, ரோகு, மிர்கால் மீன்களை எடுத்துக்கொள்வோம். வட இந்திய ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட இவை, மழைக்கால வெள்ளம் கரைபுரண்டு பரவும்போதுதான் முட்டையிடும். குளத்தில் எவ்வளவு கொழுகொழுவென்று வளர்ந்தாலும் முட்டையிடா. வெள்ளம் பரவிய இடத்தில் குஞ்சுகளுக்கு உணவும் மறைவிடமும் கிடைக்கும் என்பதை அவற்றின் உடலே அறிந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டில் ஹிராலால் சௌத்ரி என்ற அறிஞர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இம்மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். வெள்ளம் தரும் உந்துதலை ஓர் ஊசியால் தந்தார் எனலாம். அதன் நினைவாகவே ஜூலை 10ஆம் நாள் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் ஊருக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. அவிநாசி, திருமுருகன்பூண்டிப் பக்கமாக வரும் நல்லாறு நஞ்சராயன் குளத்தை நிரப்புகிறது. வெள்ளநீர் அங்கே தங்கி வண்டலை இறக்க, அந்தச் சேற்றில் புழுவும் நத்தையும் பெருக, அவற்றையும் மீனையும் தேடிக் கூழைக்கடாக்களும் நாரைகளும் வருகின்றன. 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பனியன் நகரின் ஓரத்தில் இப்படி ஒரு செல்வம் இருப்பது எங்களில் பாதிப் பேருக்கு இதுவரை தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கடல் வரையில்

நொய்யல் வெள்ளம் காவிரியில் கலந்து முக்கொம்பை அடைகிறது. அங்கே ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. பெருவெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியே வங்கக் கடலுக்குச் செல்லும். ஒரு காலத்தில் காவிரிக் கிளையில் மணல் மேடிட்டுப் போனதால் நீர் முழுவதும் கொள்ளிடத்துக்கே போய், தஞ்சை வறண்டது. அதைச் சரிசெய்யவே ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அந்த அணையின் ஒன்பது மதகுகளை 2018 ஆகஸ்ட் 22 அன்று காவிரி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மணல் மிகுந்தாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. மணலைச் சுமக்காத வெள்ளம் பசித்த நீராகி, ஆற்றின் அடிப்பகுதியையும் கரையையும் அரித்துத் தின்னத் தொடங்கும்.

கடலோரத்துக்கும் வெள்ளம் வேண்டும். கோடையில் அலைகள் முகத்துவாரத்தில் மணல்திட்டை எழுப்பி ஆற்றின் வாயை அடைத்துவிடும். வெள்ளம் அதை உடைத்துக் கடலையும் கழியையும் சேர்த்துவைக்கும். இறால்கள் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும். வாய் அடைபட்டால் அவை எப்படிப் போய்வரும்? கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடுகளுக்கும், உப்பைச் சற்றே தணிக்கும் நன்னீரும் வேர் பிடிக்கப் புதுச் சேறும் வெள்ளமே கொண்டுவர வேண்டும்.

அணைகள் நமக்குச் சோறு தருகின்றன, மின்சாரம் தருகின்றன. ஆயினும் அவை நீரோடு மண்ணையும் தேக்கிவிடுகின்றன. எகிப்தில் நைல் நதியின் அஸ்வான் உயர் அணை 1964இல் நீரைத் தேக்கத் தொடங்கி 1970இல் முடிவடைந்தது. அதன்பின் நைலின் வண்டல் கடலை எட்டவில்லை. அவ்வண்டலால் செழித்த கடலோர மத்தி மீன்பிடிப்பு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. கழிமுகக் கரையையும் கடல் அரிக்கலாயிற்று. அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை! கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே மணல்திட்டுகள் கரைந்து போனதால், 1996ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் விநாடிக்கு 45,000 கன அடி நீரை ஏழு நாட்கள் திறந்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு வெள்ளத்தை உண்டாக்கினார்கள்.

ஆனால் வெள்ளம் நல்லதை மட்டுமே கடலுக்குக் கொண்டு சேர்க்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னை மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிக்குள் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கருத்தன. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளிலும் எண்ணெய் அப்பியது. வண்டலைத் தூக்கி வந்த அதே கைகள்தாம் எண்ணெயையும் தூக்கி வந்தன. வெள்ளத்துக்கு நல்லது கெட்டது தெரியாது.

நம் வீட்டு வாசலில்

இவ்வளவும் அறிந்தபின் எங்கள் வகுப்பில் ஒரு சங்கடம் உண்டாயிற்று. சாயப்பட்டறைகளைப் பற்றி எல்லாரும் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி மட்டும் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். அவளுடைய தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி. நாங்கள் கைக்குழந்தைகளாகவும் சிலர் பிறக்காமலும் இருந்த 2011 ஜனவரியில், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. அவள் தந்தை மாதக்கணக்கில் வேலையின்றி இருந்ததையும், அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனதையும் அவள் சொல்லக் கேட்டோம். அதே ஆண்டு நவம்பரில் நொய்யலிலும் ஜம்மனை ஓடையிலும் வெள்ளம் புகுந்து கரையோர வீடுகளை அடித்துச் சென்றதையும், உயிர்கள் பலியானதையும் எங்கள் பெற்றோர் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். கரையோரத்தில் குடிசை போட்டிருந்தவர்கள் யார்? நம் பனியன் கம்பெனிகளை நம்பி வந்த ஏழைத் தொழிலாளர்கள் அல்லவா?

தொழிலைத் திட்டுவது எளிது. ஆனால் எங்கள் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் அந்தத் தொழிலிலிருந்து வருபவையே. ஆகவே அத்தோழியின் தந்தையையே கேட்டோம். அவர் சொன்னார்: "இப்ப எங்க பட்டறைத் தண்ணி ஆத்துக்குப் போறதில்லீங்க கண்ணு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயி, திரும்பவும் எங்களுக்கே வருது. உப்பையுங்கூடப் பிரிச்செடுத்து மறுபடி சாயத்துக்கே போடறோம். செலவு சாஸ்திதான். ஆனா முடியுது." மழை பெய்யும் இரவில் யாரும் பார்க்கவில்லை என்று கழிவைத் திறந்துவிடுபவர்கள் இன்னும் சிலர் உண்டு என்பதையும் அவரே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். வெள்ளம் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நம்பிக்கையே அவர்களுக்குத் துணிவு தருகிறது.

சரி, நாங்கள் மட்டும் குற்றமற்றவர்களா? வெள்ளம் வடிந்தபின் நொய்யல் கரை மரங்களைப் பார்த்தோம். கிளையெல்லாம் வண்ண வண்ணக் கந்தல்கள்! கட்டிங் வேஸ்ட் துணியும் பாலிதீன் பையும் தோரணம் போலத் தொங்கின. அவற்றில் நம் வேலம்பாளையத்துப் பள்ளங்களில் வீசப்பட்டவை எத்தனையோ! மழை வந்தால் போய்விடும் என்று நம் வீட்டார் வீசியவையே அவை.

இப்போது சிஸ்டரின் கேள்விக்கு எங்களால் விடை சொல்ல முடியும். வெள்ளம் எதையும் அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மணலைக் கொடுத்தால் மணலைச் சுமக்கும், வண்டலைக் கொடுத்தால் வயலுக்குச் சேர்க்கும். உப்பையும் கந்தலையும் கொடுத்தால் அவற்றையும் மறுக்காமல் சுமந்துபோய், யாரோ ஓர் அப்பத்தாவின் கிணற்றிலும் யாரோ ஒரு மீனவரின் வலையிலும் சேர்த்துவிடும்.

ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு தீர்மானம் செய்தோம். வீட்டில் சேரும் துண்டுத்துணியையும் பாலிதீனையும் பள்ளத்தில் போடாமல் தனியே சேர்த்து வைத்து, வேஸ்ட் வாங்குபவரிடம் கொடுப்பது. வீட்டார் மறந்தாலும் நாங்கள் நினைவூட்டுவது. மூன்று மாதமாக இதை நடத்தி வருகிறோம். முதல் வாரம் எங்கள் தாய்மார்கள் சிரித்தார்கள். இப்போது அவர்களே சாக்குப்பையை எடுத்து வைக்கிறார்கள்.

அடுத்த ஐப்பசியில் நாங்களும் பேருந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்போம். "ஆறு சுத்தமாயிரும்" என்று பெரியவர் யாரேனும் சொன்னால், "அழுக்கு எங்கேங்க தாத்தா போகும்?" என்று மரியாதையோடு கேட்போம். வாசகர்களே, நீங்களும் கேட்பீர்களா?

— பத்தாம் வகுப்பு மாணவி